போட்டியும் ஏகபோகமும்: உலக றலி ஓட்டங்களில் ரயர்க் கொம்பனிகள் – ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் வெற்றி தோல்விக் கணக்குகளாகவே அமைந்துவிடுகின்றன. யார் வென்றார், எத்தனை செக்கன்களால் வென்றார் என்னும் வினாக்களைக் கடந்து, அவ்வெற்றி எத்தகைய உற்பத்தி உறவுகளின் மீது எழுந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இலக்கியத்தை அதன் சமூக அடித்தளத்தோடு இணைத்து நோக்கப் பழகிய நாம், பிற பண்பாட்டு வடிவங்களையும் அவ்வாறே நோக்குதல் தகும். அத்தகைய முயற்சியாகவே இக்கட்டுரையில் உலக றலி ஓட்டங்களில் ரயர்க் கொம்பனிகளுக்கிடையே நிகழ்ந்த போட்டியின் வரலாற்றை ஆராய்கின்றோம்.

றலி என வழங்கும் மோட்டார் ஓட்டம், மூடிய வட்டப் பாதையில் நிகழும் பந்தயத்தினின்றும் வேறுபட்டது. மலைப்பாதையும் காட்டுச் சரளை வழியும் தார்த் தெருவும் உறைபனியும் அதன் களங்கள். கார்கள் நேர இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படும். ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க எடுத்த நேரங்களின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கும். எந்திரத்தின் வலு எவ்வளவாயினும், அது நிலத்தைச் சென்றடைவது ஏறத்தாழ உள்ளங்கையளவான நான்கு இறப்பர்ப் பரப்புகளின் வழியாகவே. எனவே ரயர் பற்றிய அறிவு றலியில் துணையறிவாக அன்றி மூல அறிவாகவே விளங்கிவந்துள்ளது. அவ்வறிவு யாரால் ஆக்கப்பட்டது, யார் கையில் சேர்ந்தது, இன்று எந்நிலையில் உள்ளது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள். போட்டியும் ஏகபோகமும் எதிரெதிர்த் துருவங்கள் எனப் பொருளியற் பாடநூல்கள் கூறும். ஒன்று மற்றதை ஈன்று, பின்னர் அதனுள்ளேயே வேற்றுருவில் தொடர்கின்றது என்பதே இவ்வரலாறு தரும் முடிபு.

1. விளம்பரமும் வீதியும்

காற்றடைத்த ரயருக்கு 1845 இலேயே றொபேட் வில்லியம் தொம்சன் ஆக்கவுரிமை பெற்றிருந்தார். ஆயின் அதற்கான சந்தை அன்று இருக்கவில்லை. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொயிட் டன்லொப் அதனை மீளக் கண்டபோது துவிச்சக்கரவண்டி பரவத் தொடங்கியிருந்தது. கண்டுபிடிப்பு உடனே கைத்தொழிலாயிற்று. புதுமையைச் சமூகத் தேவையே வாழவைக்கின்றது என்பதற்கு இஃது எளிய சான்றாகும்.

பிரான்சின் கிளெர்மொன் பெரான் நகரில் மிச்செலின் சகோதரர் 1889 இல் தமது கொம்பனியை நிறுவினர். 1895 இல் பரிஸ் – போர்தோ – பரிஸ் ஓட்டத்தில் காற்றடைத்த ரயர் பூட்டிய காரைத் தாமே செலுத்திச் சென்றனர். அக்கார் வெல்லவில்லை, ஆயின் காற்றின் மீது கார் ஓடும் என்பதை அது பொதுமக்கள் கண்முன்னே நிறுவியது. இத்தாலியின் பிறெல்லிக் கொம்பனி 1872 இல் மிலானில் தோன்றியது. 1907 இல் பீக்கிங்கிலிருந்து பரிஸ்வரை நிகழ்ந்த நெடும்பயணத்தில் வென்ற இளவரசர் போர்கேசேயின் இற்றாலாக் கார் பிறெல்லி ரயர்களில் ஓடியது. ஓட்டப் பாதை சோதனைச்சாலையாகவும் விளம்பரப் பலகையாகவும் ஒருங்கே பயன்பட்டமை தொடக்கத்திலேயே காணப்படும் பண்பு.

1898 இல் ஓகலோப் என்னும் ஓவியர் மிச்செலினுக்கு வரைந்த சுவரொட்டி இவ்விடத்து நினைக்கத்தக்கது. ரயர்களை அடுக்கி அமைத்த பருத்த மனிதவுரு ஒன்று விருந்து மேசையில் எழுந்து நிற்கின்றது. அதன் கையிலுள்ள கிண்ணத்தில் ஆணிகளும் கண்ணாடித் துண்டுகளும் நிறைந்துள்ளன. தடைகளை ரயர் குடித்துவிடும் என்பது கருத்து. இருமருங்கும் காற்றிழந்து தளர்ந்த போட்டி ரயர்கள் அமர்ந்திருக்கின்றன. உரோமக் கவிஞர் ஹொரேசின் பாடலொன்றிலிருந்து எடுத்த சொல்லே அவ்வுருவுக்குப் பிபெண்டம் என்னும் பெயராயிற்று. செவ்வியல் இலக்கியம் சரக்கின் அலங்காரமாக மாறியமை ஒருபுறமிருக்க, போட்டி பற்றிய முதலாளித்துவக் கனவை இதனினும் தெளிவாகக் காட்டும் சித்திரத்தைக் காண்டல் அரிது. எதிரிகள் மேசையில் இருத்தல் வேண்டும். ஆயின் காற்றிழந்து இருத்தல் வேண்டும்.

சுவரொட்டியில் இடம்பெறாத ஒரு பக்கமும் உண்டு. அமேசன் காட்டு விதைகள் 1876 இல் இலண்டன் கியூ பூங்கா வழியாக இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை அடைந்தன. 2,000 க்குக் கிட்டிய நாற்றுக்கள் அங்கு நடப்பட்டன. பின்னர் களனிப் பள்ளத்தாக்கிலும் களுத்துறையிலும், மலாயாவிலும், இந்தோசீனத்திலும் இறப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. நமது நாட்டுத் தோட்டங்களிற் பால்வெட்டியோர் கிராமத்துச் சிங்களத் தொழிலாளரும் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளருமாவர். வியட்நாமில் மிச்செலினுக்குச் சொந்தமான பூ றியெங் தோட்டத்தில் 1930 பெப்ரவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தோட்டத்தையே கைப்பற்றினர். கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய அக்கிளர்ச்சி அந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் முக்கிய இடம்பெறுகின்றது. ஐரோப்பிய வீதியில் ஒரு ரயர் மற்றொன்றை முந்துவதற்கு முன்னரே, அதன் மூலப்பொருளிற் பலருடைய உழைப்பு உறைந்திருந்தது என்பதை மனங்கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

2. றேடியலும் எட்டு ரயர் விதியும்

1911 இல் தொடங்கிய மொன்ரே கார்லோ றலி, செல்வர்களின் குளிர்காலப் பொழுதுபோக்காகவே முதலில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அது கார்க் கொம்பனிகளின் களமாயிற்று. ரயரின் உள்ளமைப்பில் நிகழ்ந்த புரட்சியும் இக்காலத்ததே. பழைய ரயரில் இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடந்தன. 1946 இல் மிச்செலின் ஆக்கவுரிமை பெற்று 1949 இல் சந்தைக்கு விடுத்த றேடியல் ரயரில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் சென்றன. மேற்பரப்பின் கீழ் உருக்குப் பட்டி இடப்பட்டது. பக்கச்சுவர் வளைந்து கொடுக்க, மேற்பரப்பு நிலத்தோடு படிந்து நின்றது. பிறெல்லி துணிப்பட்டி கொண்ட சின்ற்றுராற்றோ ரயரால் இதற்கு விடையிறுத்தது. மிச்செலினிடம் வேறொரு பலமும் இருந்தது. 1934 இல் நிதி நெருக்கடியில் வீழ்ந்த சித்ரொயன் கார்க் கொம்பனி அதன் கட்டுப்பாட்டுள் வந்து, 1970 களின் நடுப்பகுதிவரை அவ்வாறே இருந்தது. ரயர் செய்பவரே கார் செய்பவராகவும் விளங்கிய நிலை இது.

1960 களில் பிரித்தானிய மினிக் கூப்பர் கார்கள் டன்லொப் ரயர்களோடு 1964 இலும் 1965 இலும் மொன்ரே கார்லோவை வென்றன. ஒரே இரவில் உலர்ந்த தார், ஈரம், பனிக்கட்டி எனப் பாதை மாறும் அவ்வோட்டத்தில், வழிநெடுகக் குவித்துவைத்த ரயர்களே வெற்றியை ஆக்கின. செல்வக் கொம்பனி கட்டத்துக்குக் கட்டம் ரயர் மாற்றியது; தனியாள் ஒருவர் கையிலிருந்ததைக்கொண்டு ஓடினார். 1967 இல் ஒழுங்கமைப்பாளர் எட்டு ரயர் என வரம்பொன்றை விதித்தனர். வென்றது மினிக் காரே. ஓட்டியவர் பின்லாந்தின் றவுனோ ஆல்ற்றொனன். செலவைக் குறைக்க இயற்றப்படும் விதி, அவ்விதிக்கேற்பத் திட்டமிடும் வலுவுடைய பெருங்கொம்பனிக்கு இடையூறாவதில்லை என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

3. உலகக் கிண்ணமும் மூலதனத்தின் செறிவும்

1973 இல் உலக றலி வல்லவர் போட்டி தொடங்கியது. முதலில் கார் உற்பத்தியாளருக்கே பட்டம் வழங்கப்பட்டது. ஓட்டுநருக்கான பட்டம் 1979 இலேயே வந்தது. சரக்குக்கு முதலிடமும் மனிதனுக்குப் பின்னிடமும் அளித்த இவ்வொழுங்கு தற்செயலானதன்று.

1974, 1975, 1976 ஆம் ஆண்டுகளில் உற்பத்தியாளர் பட்டத்தை வென்ற லன்சியா, தனது ஸ்ராற்றோஸ் காரின் வலுவைத் தாங்கவல்ல ரயரைப் பிறெல்லியிடம் வேண்டியது. அதன் விளைவே பீ 7. அகன்ற மேற்பரப்பும் தாழ்ந்த பக்கச்சுவரும், உருக்குப் பட்டியின் மேல் சுழற்சித் திசையிலேயே சுற்றப்பட்ட நைலோன் பட்டியும் கொண்ட அது, விரைவில் போர்ஷே 911 ரேர்போ போன்ற விலையுயர்ந்த வீதிக் கார்களுக்குச் சென்றது. பந்தயத்துக்கெனத் தோன்றிய பயன்பெறுமானம் சந்தையிற் பரிமாற்றப் பெறுமானமாக மாறிய வழியை இங்குத் தெளிவாகக் காணலாம்.

இதே காலப்பகுதியின் மறுபக்கத்தையும் நோக்குவாம். மிலானிலுள்ள பிறெல்லியின் பிக்கொக்காத் தொழிற்சாலையில் 1968 இல் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைமைக்கு வெளியே தமது அடிமட்டக் குழுவை அமைத்தனர். வேலை வேகத்தையும் துண்டுக்கூலியையும் எதிர்த்து எழுந்த அக்குழு, 1969 இன் ‘வெப்ப இலையுதிர்காலம்’ எனப்படும் பெருங்கிளர்ச்சிக்கு முன்னோடியாயிற்று. ஸ்ராற்றோஸ் காரின் வேகத்தைப் பாடும் நூல்களில், அவ்வேகத்துக்கான ரயரை ஆக்கிய கொம்பனியில் வேலை வேகம் குறித்து நிகழ்ந்த போராட்டம் இடம்பெறுவதில்லை.

கொம்பனிகளோ மேலே இணைந்துகொண்டிருந்தன. 1971 முதல் 1981 வரை டன்லொப்பும் பிறெல்லியும் ஒரே கூட்டிணைவின் உறுப்புகளாயிருந்தன. பிரான்சின் கிளேபெர் 1980 களின் தொடக்கத்தில் மிச்செலினுக்குள் அடங்கியது. 1990 இல் அமெரிக்காவின் யூனிறோயல் குட்றிச் கொம்பனியை மிச்செலின் வாங்கியது. பின்னர் நிகழ்ந்ததொன்று இவ்வாங்குதலின் பொருளைத் துலக்கும். 2005 இன் முடிவில் மிச்செலின் தன் பெயரை உலக றலியினின்றும் விலக்கிக்கொண்டது. 2006 இலும் 2007 இலும் பிறெல்லிக்கு எதிராக ஓடியது பீ. எவ். குட்றிச் என்னும் பெயர். சுவரொட்டியில் எதிரி புதியவர், மூலதனத்தில் பழையவரே. பெயர்களின் பன்மை உடைமையின் பன்மைக்குச் சான்றாகாது என்பதை இதனாற் கற்கின்றோம்.

4. போட்டியின் முதிர்ச்சி

1980 களிலிருந்து 2007 வரையான காலத்தைப் போட்டியின் முதிர்ச்சிக் காலம் எனலாம். இக்காலத்தில் ஆக்கப்பெற்ற அறிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சுவீடன் பனிக்கெனக் குறுகிய ரயரில் முந்நூற்றுக்கு மேற்பட்ட உலோக ஆணிகள் பதிக்கப்பட்டன. பனியை அகன்ற ரயர் மிதக்கவிடும், குறுகியது வெட்டி இறங்கும் என்பது அனுபவம் தந்த உண்மை. சரளைப் பாதைக்குரிய ரயரில், எதிர்பார்க்கும் ஈரத்துக்கேற்பத் தொழில்நுட்பவினைஞர் கையாற் பள்ளம் வெட்டினர். மொன்ரே கார்லோவில் ஓட்டத்துக்கு முன்னர் பாதையிற் சென்று பனிக்கட்டி உள்ள வளைவுகளைக் குறித்துவரும் குழுவினரின் சொல்லைக்கொண்டே ரயர் தெரியப்பட்டது. வானிலை அறிந்தவர், பாதை அறிந்தவர், இறப்பர்க் கலவை அறிந்தவர், கத்தி பிடித்தவர் ஆகிய பலரின் கூட்டறிவே ஒரு தெரிவாக வெளிப்பட்டது. பட்டம் ஓட்டுநரின் பெயரில் எழுதப்பட்டது.

காற்றிழத்தலைத் தடுக்க ரயரின் உள்ளே இடப்பட்ட நுரைவளையம் மிச்செலின் இக்காலத்துக்கு அளித்த பெரும் புதுமை. ஆணி ஏறினும் நுரை விரிந்து காற்றின் இடத்தை நிரப்பியதால், கார் வேகம் அதிகம் குன்றாமல் ஓடியது. 1898 இன் சுவரொட்டி வாக்களித்ததை, அதாவது ஆணியைக் குடிக்கும் ரயரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் வேதியியல் நிறைவேற்றியது எனலாம்.

பிறெல்லி ஜப்பானின் சுபாறுவோடு நெடுங்காலம் இணைந்திருந்தது. 1995, 1996, 1997 ஆம் ஆண்டுகளின் உற்பத்தியாளர் பட்டங்களும், கொலின் மக்றே, றிச்சர்ட் பேர்ன்ஸ், பெற்றர் சொல்பேர்க் ஆகியோர் முறையே 1995, 2001, 2003 இல் பெற்ற ஓட்டுநர் பட்டங்களும் அவ்விணைப்பின் விளைவுகள். 2000 முதல் 2002 வரை பெஜோவும், 2003 முதல் 2005 வரை சித்ரொயனும் மிச்செலினோடு உற்பத்தியாளர் பட்டங்களை வென்றன. 2003 இன் இறுதி ஓட்டம் வேல்சில் நிகழ்ந்தபோது பிறெல்லியில் ஓடிய சொல்பேர்க்கும் மிச்செலினில் ஓடிய செபஸ்ரியன் லேபும் பட்டத்துக்குப் போட்டியிட்டனர். 72 க்கு 71 என்னும் புள்ளிகளில் சொல்பேர்க் வென்றார். இத்தகைய முடிவில் ரயரின் பங்கைப் பிரித்தறிதல் இயலாது; எனினும் இரு அறிவு மரபுகள் ஒரே பாதையில் ஒப்பிடப்பட்டன என்பது மறுக்கவியலாதது. தீர்ப்பளித்தது பாதை.

5. விதியாக வந்த ஏகபோகம்

இந்நிலை ஏன் முடிவுற்றது? செலவு என்பதே சம்மேளனத்தின் முதன்மையான விடை. அவ்விடையிற் பாதி உண்மை உண்டு. கொம்பனி ஒவ்வொன்றும் பல கலவைகளையும் பல வடிவங்களையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கொண்டுசென்றது. பயன்படாதவை மீண்டும் ஏற்றிச்செல்லப்பட்டன. சிறந்த ரயர் ஒப்பந்தக் குழுக்களுக்கே முதலிற் கிடைத்தது. சொந்தப் பணத்தில் ஓடியவருக்கு எஞ்சியதே வாய்த்தது. எனவே பழைய போட்டிக் காலத்தைப் பொற்காலமாக எண்ணி ஏங்குவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

ஆயின் செலவு மட்டுமே காரணமன்று. தோல்வியின் விளம்பரமும் ஒரு செலவே. 2005 இல் இண்டியானாபொலிசில் நிகழ்ந்த போர்முலா 1 பந்தயத்தில் மிச்செலின் ரயர் பூட்டிய 14 கார்களும் பாதுகாப்புக் கருதி ஓட்டம் தொடங்குமுன் விலகின. பிறிஜ்ஸ்ரோன் பூட்டிய 6 கார்களே ஓடின. றலிக்கு வெளியே நிகழ்ந்த இச்சம்பவம், இரு ரயர்கள் ஒப்பிடப்படும்போது தோற்பதன் விலை எத்துணை என்பதை யாவருக்கும் காட்டியது. 2007 இல் போர்முலா 1 தனி வழங்குநர் முறைக்கு மாறியது. 2008 இல் உலக றலியும் அவ்வழியே சென்றது. பிறெல்லி தனி வழங்குநராயிற்று. நுரைவளையம் விலக்கப்பட்டது, ரயர் வகைகள் குறைக்கப்பட்டன. கூட்டறிவு கட்டியெழுப்பியதைக் கேள்விப்பத்திரத்தின் ஒரு வாசகம் அகற்றியது.

2011 இல் கதவு சிறிது திறந்தது. மிச்செலின் மீண்டது, அதனோடு டீமக் என்னும் புதிய சிறு பெயரும் வந்தது. 2016 இல் போலந்து றலியில் டீமக் ரயர்களோடு முன்னணியில் நின்ற எஸ்தோனியாவின் ஒற் ரானக், இறுதிக்கு முந்திய கட்டத்தில் ரயர் காற்றிழந்தமையால் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். 2017 இல் வேல்சைச் சேர்ந்த எல்பின் எவன்ஸ், தமது சொந்த மண்ணில், அதே ரயரோடு வென்றார். அவருக்கும் அந்த ரயருக்கும் உலக றலியில் அதுவே முதல் வெற்றி. அவரது அணியின் மற்றொரு காரில் செபஸ்ரியன் ஓஜியே மிச்செலினில் ஓடினார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. காரின் வேறுபாடு இன்றி ரயரின் வேறுபாடு அங்கு வெளிப்பட்டது. வெற்றி பெற்ற சிறு பெயர் அடுத்த ஆண்டில் மேல்மட்டத்தில் இல்லை. ஓர் ஓட்டத்தை அறிவு வெல்லலாம். பருவத்துக்குப் பின் பருவமாகத் தாக்குப்பிடிக்க மூலதனம் வேண்டும்.

2021 முதல் 2024 வரை பிறெல்லி மீண்டும் தனி வழங்குநராயிருந்தது. 2025 முதல் கொரியாவின் ஹன்கூக் அவ்விடத்தைப் பெற்றது. இன்று போட்டி மறையவில்லை, இடம் மாறியுள்ளது. முன்னர் அது மலைப்பாதையில், கடிகாரத்தின் முன், பலர் காண நிகழ்ந்தது. இப்போது சில ஆண்டுகளுக்கொருமுறை, கேள்விப்பத்திரத்தின் வழியாக, அறையினுள் நிகழ்கின்றது. தனி வழங்குநர் முறையைத் தான் விரும்பவில்லை எனப் போர்முலா 1 தொடர்பிற் பகிரங்கமாகக் கூறிய மிச்செலினே, 2016 இல் மோட்டோ ஜீபீ மோட்டார்ச் சைக்கிள் ஓட்டங்களின் தனி வழங்குநராயிற்று. கொள்கையைச் சந்தை வளைத்தது என இதனைக் கொள்ளலாம்.

6. முடிவுரை

தனி வழங்குநரின் ரயர் ஒவ்வோர் ஓட்டத்திலும் வெல்கின்றது. எனவே அவ்வெற்றிக்குப் பொருளில்லை. அது தோற்பதுமில்லை, எனவே அதனை அளக்கும் கோலும் இல்லை. ஓட்டுநர் குறை கூறலாம். ஒப்பிட்டுக் காட்ட மற்றொரு ரயர் இல்லை. போட்டிக் காலத்தின் அறிவோ கொம்பனிகளின் இரகசியமாகவே இருந்து, அவை வெளியேறியபோது அவற்றோடு வெளியேறிவிட்டது. பலர் கூடி ஆக்கிய அறிவு தனியுடைமையாக இருந்தமையே இரு கட்டங்களுக்கும் பொதுவான குறைபாடு. போட்டி அவ்வறிவை வளர்த்து மறைத்தது. ஏகபோகம் அதனை வளர்க்கும் தேவையையே தளர்த்துகின்றது.

ஆதலின் தனி வழங்குநரா, பல வழங்குநரா என்னும் விவாதத்தோடு நாம் நின்றுவிடலாகாது. ஒருவரின் உள்ளேயும் பலரின் உள்ளேயும் அதே உடைமை உறவே நிலவுகின்றது. பால்வெட்டியவரும், வார்ப்புச்சாலையில் நின்றவரும், கத்தியாற் பள்ளம் வெட்டியவரும், இருளிற் பனிக்கட்டியைக் குறித்துவந்தவரும் தாம் ஆக்கிய அறிவுக்கு உரியவராவது எவ்வாறு என்பதே எஞ்சும் வினா. ஓகலோப்பின் சுவரொட்டியை இன்று மீண்டும் வரைவதாயின், இருமருங்கும் அமர்ந்திருந்த எதிரிகளின் நாற்காலிகள் வெறுமையாகவே இருக்கும். விருந்தைச் சமைத்தவர் அன்றும் அச்சித்திரத்தில் இல்லை, இன்றும் இல்லை. அவர்களை அதனுட் கொணர்தல் வரலாற்றாய்வின் கடமையாகும்.